வீட்டில் நீச்சல் குளம்: தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று! அமைக்கும் முன் அறிய வேண்டியவை

தனி வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் நீச்சல் குளம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் கட்டுமானச் செலவையே கணக்கிடுகின்றனர். கட்டி முடித்த பின் நாள்தோறும் தேவைப்படும் பராமரிப்பு அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. வீட்டு நீச்சல் குளம் வெறும் நீர்த்தொட்டி அன்று. இடைவிடாது கவனிக்க வேண்டிய ஒரு சிறிய நீர் சுத்திகரிப்பு நிலையம்.

எவ்வளவு நீர் வேண்டும்?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் கொண்ட குளம் நிரம்ப 38,400 லிட்டர் நீர் தேவை. இது 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் மூன்றுக்கும் அதிகம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 160 லிட்டர் குறையும்.

கடந்த 2024 மார்ச்சில் பெங்களூருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானபோது, நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்த அந்நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் எனவும் அறிவிக்கப்பட்டது. எனவே, நீருக்கான வழியை உறுதி செய்த பின்னரே குழி தோண்ட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்புச் சத்து மிகுந்திருந்தால், குளோரின் சேர்த்தவுடன் நீர் பழுப்பு நிறமாகும். ஆதலால் முன்னதாகவே நீரைப் பரிசோதிப்பது நல்லது.

கட்டுமானத்தில் கவனம்

உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் கட்டமைப்புப் பொறியாளரின் ஆலோசனையும் அவசியம். நிலத்தடி நீர்மட்டம் உயரும் மழைக்காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்தால், அடியிலிருந்து எழும் நீரழுத்தம் தளத்தை விரிசலடையச் செய்யும். எடை குறைந்த ஃபைபர் குளங்களை மேலே தூக்கியும் விடும்.

சிமென்ட் பூச்சு கொண்ட புதிய குளங்களில், பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிவதால் முதல் சில வாரங்களுக்கு நீரின் காரத்தன்மை உயர்ந்தபடி இருக்கும். அக்காலத்தில் நாள்தோறும் சுவர்களைத் தேய்த்து, நீரைச் சோதிக்க வேண்டும்.

குளோரினும் பி.எச். அளவும்

நீரில் தனிநிலை குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரையிலும், பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரையிலும் இருப்பது பொதுவான அளவுகோல். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. பி.எச். அளவு 7.5 ஆக இருக்கையில் குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும். அது 8 ஆக உயர்ந்தால் அப்பங்கு கால் பகுதிக்கும் கீழே இறங்கிவிடும். குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

கண் எரிச்சலும் நெடியும் ஏற்பட்டால் குளோரின் மிகுந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், வியர்வை, சிறுநீர் ஆகியவற்றுடன் குளோரின் வினைபுரிந்து உருவாகும் குளோரமின்களே பெரும்பாலும் அந்த நெடிக்குக் காரணம். குளிக்குமுன் உடலைக் கழுவிக்கொள்வது இதனைக் குறைக்கும்.

நீர் பளிங்குபோல் தெரிவதால் மட்டும் கிருமிகள் இல்லை எனக் கொள்ளலாகாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா, மூக்கின் வழியாக மூளையை அடைந்து உயிரைப் பறிக்கக்கூடியது. கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பாதிப்புகள் பதிவானது குறிப்பிடத்தக்கது. முறையாகக் குளோரின் இடப்பட்ட நீரில் இந்த அமீபா பிழைப்பது அரிது.

வேதிப்பொருள்களைக் கையாளும்போது

வேதிப்பொருளை நீரில் சேர்க்க வேண்டுமேயன்றி, வேதிப்பொருளின் மீது நீரை ஊற்றக் கூடாது. குளோரின் பொருள்களுடன் அமிலம் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். வெவ்வேறு வகைக் குளோரின் பொருள்களை ஒன்றாகக் கலப்பது தீ விபத்துக்கும் வழிவகுக்கும்.

குழந்தைகள் பாதுகாப்பு

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். ஆகவே, குளத்தின் நான்கு புறமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் தேவை. மூழ்கிய குழந்தைகள் மீட்கப்பட்ட பின் உயிர்காக்க உதவும் முதலுதவி முறையை வீட்டிலுள்ள பெரியவர்கள் கற்றிருக்க வேண்டும். அடித்தள வடிகால் மூடி உடைந்திருந்தால், அதைச் சரிசெய்யும் வரை யாரும் இறங்கக் கூடாது. பம்பு, விளக்கு ஆகியவற்றின் மின் இணைப்பில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

குளம் பயன்பாட்டிலுள்ள நாள்களில் குளோரின், பி.எச். ஆகியவற்றைச் சோதித்து, இலை தழைகளை அகற்ற வேண்டும். பம்பு நாளொன்றுக்குச் சுமார் 8 மணி நேரம் இயங்கினால்தான் முழு நீரும் வடிகட்டியைக் கடந்து வரும். வாரம் ஒருமுறை சுவர்களைத் தேய்த்து, வடிகட்டியைத் தேவைக்கேற்பக் கழுவ வேண்டும்.

நீர்மட்டம் விரைவாகக் குறைந்தால், ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குப் பின் வாளியைவிடக் குளத்தில் நீர் அதிகம் குறைந்திருந்தால் கசிவு உள்ளது எனலாம்.

பயன்படுத்தாத குளத்தையும் கைவிட்டுவிட முடியாது. குளோரின் இன்றித் தேங்கும் நீரில் கொசுக்கள் பெருகும். இப்பணிகளுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்க ஒருவர் இல்லாத வீட்டில், குளம் அமைக்கும் முடிவைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது.