மாத்திரை போட்டாச்சு, நாள் தள்ளிப்போகுதே?

அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட பெண்ணுக்கு அடுத்த மாதவிலக்கு வரும்வரை நிம்மதி இருக்காது. தேதி தாண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் பல நேரம் தேதியைக் குழப்புவது அந்த மாத்திரையேதான்.

அதிலுள்ள 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிவைக்கிறது. முட்டை தாமதமானால் மாதவிலக்கும் தாமதமாகும். ஒரு வாரம் முன்பின் ஆவது சகஜம். இடையில் கொஞ்சம் ரத்தக் கசிவு தென்பட்டால் அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்டாகிவிட்ட கருவை இம்மாத்திரை கலைக்காது, பாதிப்பதாகவும் தெரியவில்லை.

முட்டை வெளியேறும் தறுவாயில் போட்டால் பலன் சொற்பம். 72 மணி நேரம் அவகாசம் என்றாலும் சீக்கிரம் போடுவதே நல்லது. தமிழ்நாட்டிலோ, சீட்டு இல்லாமல் விற்கத் தடை இல்லாதபோதும் பல மெடிக்கல் ஷாப்களில் ‘ஸ்டாக் இல்லை’ என்பதுதான் பதில். கடை கடையாக அலையும் அந்த ஒரு நாள், மாத்திரையின் பலனில்தான் கைவைக்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர்களுக்கும் பலன் குறையும்.

மாதாமாதம் ஒழுங்காக வருபவர்கள், எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டினால் டெஸ்ட் செய்துவிடலாம். எப்போது வரும் என்றே தெரியாதவர்கள் எந்தத் தேதியை வைத்துக்கொள்வது? பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் வராமலிருப்பது வழக்கம். அதற்காக முட்டை வெளிவராது என்று சொல்ல முடியாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் நிலைமை இன்னும் சிக்கல். குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிலக்கும் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கஞ்சியோ புட்டிப்பாலோ தொடங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வந்துவிடக்கூடும் என்பதால், ‘இன்னும் வரவே இல்லையே’ என்றிருந்தவர்களும் முழுகாமல் இருந்ததுண்டு.

இவர்கள் மாதவிலக்குத் தேதியை விட்டுவிட்டு, உறவு நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 21 நாள் கழித்துச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையை நம்பலாம். மாத்திரைக்குப் பிறகு மறுபடி பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்கும். போட்ட மாத்திரை அதற்குக் காவல் நிற்காது.

காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. கார்டில் ‘சி’ பக்கம் கோடு விழாவிட்டால் அந்த டெஸ்டே செல்லாது. ‘டி’ பக்கம் மங்கலாக விழுந்தாலும் கர்ப்பம்தான். அட்டையில் சொன்ன நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மறந்து போய் அரை மணி கழித்துப் பார்க்கும் கோட்டுக்கு மதிப்பில்லை. இடையில் பப்பாளி, எள்ளுருண்டை வைத்தியத்தில் நாளைக் கடத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நெகட்டிவ் வந்தும் மாதவிலக்கு வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்; அப்போதும் அப்படியே என்றால் தைராய்டு உள்ளிட்ட காரணங்களை டாக்டர் தேடுவார். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி என்றால் காத்திருக்கவே கூடாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.

பாசிட்டிவ் வந்து, கர்ப்பம் வேண்டாம் என்றால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு கருத்தடை தவறிய காரணத்தைத் திருமணமாகாத பெண்களும் சொல்லலாம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். வந்தவர் பெயரை வெளியே சொன்னால் டாக்டருக்கே தண்டனை உண்டு.