உங்களுக்குத் தெரியுமா? தேடல் கப்பலேறியது பம்பாயில்!

ஆப்பிரிக்காவில் தகவலே இல்லாமல் போன மிஷனரிப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனைத் தேடி, ‘நியூயார்க் ஹெரால்டு’ நிருபர் ஹென்றி ஸ்டான்லி 1870 அக்டோபரில் கப்பலேறியது நம் பம்பாயில்தான். சூயஸ் கால்வாய்த் திறப்பு, ஜெருசலேம், பாரசீகம் எல்லாம் சுற்றிச் செய்தி அனுப்பிவிட்டு அப்புறம் தேடு என்பது முதலாளி பென்னட்டின் கட்டளை. (தேடப்படுபவர் அதுவரை காத்திருப்பாராம்!) சான்சிபார் வழியே போய், 1871 இறுதியில் தாங்கனீக்கா ஏரிக்கரை ஊரான உஜிஜியில் அவரைக் கண்டுபிடித்தார்.

புகழெல்லாம் ஸ்டான்லிக்கு. 1873-இல் லிவிங்ஸ்டன் இறந்ததும் உடலைக் கடற்கரைவரை சுமந்து சென்றவர்களை யார் நினைக்கிறார்கள்? அவர்களில் ஒருவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு, நாசிக் மிஷன் பள்ளியில் படித்த ஆப்பிரிக்கர். 1874-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த அடக்கத்தில் சவப்பெட்டியோடு நடந்த எண்மரில் ஸ்டான்லியும் உண்டு, வெயின்ரைட்டும் உண்டு.