உடற்பருமனைத் தவணையில் தீர்ப்போம்

சென்ற மாதம் தணிக்கையின் பொருட்டு வீரவநல்லூர் சென்றிருந்தபொழுது, நெசவாள அங்கத்தினர் ஒருவர் தறியருகே வியர்த்துச் சோர்ந்திருக்கக் கண்டோம். "அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?" என வினவினோம். "எடையைக் குறைக்க வேண்டிப் பத்து நாளாக இராச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், ஐயா. இன்று காலையிலும் உண்ணவில்லை. கை நடுங்குகிறது, அறுந்த இழையைப் பிணைக்கவும் ஏலவில்லை" என்றார். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். மாத்திரையை உண்டு உணவை விலக்கினால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். உடனே சர்க்கரைத் தண்ணீர் பருகச் செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம்.

அவர் நோக்கம் நன்றே, வழிதான் தவறு. தாமிரபரணிக் கரையில் காரும் பிசானமும் விளைவித்த நம் முன்னோர் நடவும் அறுப்பும் உடலுழைப்பாலேயே செய்தனர். இன்று அவ்வேலையில் பெரும்பகுதியை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. நம் இலையில் சோறு மட்டும் குறையவில்லை. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஏறிய எடை, ஒரு மாதப் பட்டினியால் தீராது. பட்டினியால் தசை கரையும். பித்தப்பையில் கல் உண்டாகலாம். இழந்த எடையும் விரைவில் திரும்பும்.

இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் கவனம் தேவை. வாரத்திற்கு அரைக் கிலோ குறைதல் போதும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும்.

சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவ்விடத்தில் கீரையும் காயும் பருப்பும் சேர்க்க. நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி எனில், ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை உட்செல்கிறது, அதைப் பாதியாக்குக. அல்வா விசேஷ நாளுக்கு மட்டும் இருக்கட்டும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க.

எடை உடனே இறங்கவில்லையென மனம் தளர வேண்டா. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவு வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 100-க்கு 55 பேர் மூன்றாண்டில் நோயுற்றனர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியோரில் 39 பேரே நோயுற்றனர். இவர்தம் எடை பெரிதாகக் குறையாதபோதும் இப்பயன் விளைந்தது.

மாத்திரை உண்போரும், கருவுற்றோரும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தல் ஆகாது. முயலாமலே எடை இறங்கினால், அது சர்க்கரை நோயாகவோ காசநோயாகவோ இருக்கலாம். தாமதியாது மருத்துவரைக் காண்க.

சங்கக் கடனைத் தவணை தவறாது செலுத்தும் அங்கத்தினர்க்கு இதுவும் அரிதன்று. வாரம் ஒருமுறை, ஒரே தராசில் நின்று எடையைக் குறித்து வருவோமாக.