மேகத்தைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

மேகமலைக்குப் போயிருக்கிறீர்களா? சின்னமனூரில் பஸ் ஏறினால் மலைப் பாதை வளைந்து வளைந்து மேலே போகும். தேயிலைச் சரிவின் மேல் மேகம் ஒன்று வந்து உட்காரும். "அதோ பார்!" என்று கையை நீட்டுவதற்குள் கலைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் நம்பினால்தானே!

கைபேசியில் வரும் அவதூறும் இந்த மேகத்தின் ஜாதிதான். எழுதியவன் அடுத்த நிமிஷமே அழித்துவிடலாம். அவன் அழிக்காவிட்டாலும், வெட்கத்தாலும் பயத்தாலும் நாமே அழித்துவிடுகிறோம். அப்புறம் கோர்ட்டில் எதைக் காட்டுவது?

இதற்கு விடை கிடைத்தது மலையில் அல்ல, நேயர்களே. சென்னை எழும்பூர்க் கோர்ட்டில்!

விவாகரத்தான ஒரு பெண். அவளை மணக்க விரும்பிய ஒருவன். அவள் மறுத்துவிட்டாள். உடனே இணையத்தில் 'யாஹூ' குழு ஒன்றில் அவளைப் பற்றி ஆபாசமாக எழுதினான். கண்டவர்களெல்லாம் அவளுக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். 2004 பிப்ரவரியில் அவள் துணிந்து புகார் கொடுத்தாள். போலீசார் அவனை மும்பையில் பிடித்தார்கள்.

எதிரித் தரப்பு வக்கீல்கள் லேசுப்பட்டவர்களா? "முன்னாள் கணவர் எழுதியிருக்கலாம், ஏன், அவளே எழுதியிருக்கலாம்!" என்றார்கள். கணினியிலிருந்து எடுத்த காகிதங்கள் சாட்சியச் சட்டப்படி செல்லாது என்றும் வாதாடினார்கள்.

இங்கேதான் நா. விஜயசங்கர் வருகிறார். வங்கி உத்தியோகம் பார்த்தவர். கணினியில் ஆசை வைத்து 'நாவி' என்ற பெயரில் இணையத்தில் எழுதி வந்தவர். சைபர் சட்டத்தைப் பாடமாகவும் நடத்தியவர். வக்கீலாக அல்ல, நிபுணர் சாட்சியாக வந்தார். இணையப் பக்கத்தைத் தாமே திறந்து பார்த்து, அச்செடுத்து, தாம் கண்டது இதுதான் என்று 65-பி பிரிவின்படி கையெழுத்திட்டுச் சான்று கொடுத்திருந்தார். மேகம் காகிதத்தில் அகப்பட்டுக்கொண்டது! இணைய நிலையக்காரர்களின் சாட்சியமும் சேர்ந்தது.

2004 நவம்பர் 5-ம் தேதி தீர்ப்பு: இரண்டு வருஷக் கடுங்காவல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நம் நாட்டின் முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள். புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஒரு வருஷம்கூட ஆகவில்லை!

சட்டம் மட்டும் தெரிந்தவருக்கு இயந்திரம் புரியாது. இயந்திரம் மட்டும் தெரிந்தவருக்குக் கோர்ட்டின் பாஷை புரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் இருந்ததால் ஒரு பெண்ணின் சொல் சபையேறியது.

2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 65-பி இருந்த இடத்தில் இப்போது 63-வது பிரிவு. எண் மாறினாலும் சான்று கேட்கும் வழக்கம் மாறவில்லை.

ஆகையால் சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் பெண்ணுக்கோ அப்படி ஒன்று வந்தால், முதல் காரியம் அழிக்காமல் இருப்பது. திரையைப் படம் பிடியுங்கள். தேதி, நேரம், அனுப்பிய எண் அல்லது முகவரியைக் குறித்து வையுங்கள். கைபேசியை விற்றுவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். பெயர் சொல்லத் தயக்கமா? பெண்களுக்கு எதிரான இத்தகைய குற்றங்களை மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம்.

பெண் அழுதுகொண்டே கைபேசியை நீட்டினால், "இதை ஏன் பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "அழிக்காதே அம்மா, வா போகலாம்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவன் எழுதியவன்; அவள் அல்ல!