பேர் போடும் கல்வி

லிந்துலைத் தோட்டங்களில் பொழுது நன்கு புலருமுன்னரே பிரட்டுக்களம் விழித்துக்கொள்ளும். இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிக்கப்படும். செக்ரோலிற் பெயர் ஏறும். மாலையில் நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' என்பார்கள். அரைப்பேர் என்றால் அரை நாட் சம்பளம். 'மனித வள முகாமைத்துவம்' என்ற சொல்லைக் காதாற் கேளாத பாட்டிமாரும் அதன் பலாபலனை இவ்வாறு நாள்தோறும் அனுபவித்தே வந்துள்ளனர்.

இன்று மலையக இளைஞரும் யுவதிகளும் அத்துறையில் முதுமாணிப் பட்டம் பெற விழைகின்றனர். "இவ்வளவு படித்து வந்து நீயும் பேர்தானே போடப்போகிறாய்?" என்று ஒரு பாட்டி கேட்டால் என்ன விடை சொல்வது? இதனை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஆட்களைத் தெரிவு செய்தல், பயிற்றுதல், ஊதியம் வகுத்தல், பிணக்குத் தீர்த்தல் ஆகியன இக்கல்வியின் முக்கிய அங்கங்கள். இவை மலைநாட்டுக்குப் புதியன அல்ல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டியவர் பெரிய கங்காணி. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அவரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறையை 1921 இல் சட்டம் தடை செய்தது. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டது அவ்வாண்டிலேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிட்டியதோ 1984 இல்! பாடநூலில் ஒரு வரியாக வரும் விதிகள் இங்கே மனிதர் பட்ட பாடுகளாகும்.

இனிப் படிப்பின் வழியைக் கூறுவோம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் இளமாணிப் பட்டம் பெறலாம். கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் படிப்பு உண்டு. 1959 இல் தோன்றிய பணியாளர் முகாமைத்துவ நிறுவகம் தொழிற்றகைமைப் பாடநெறிகளை நடத்துகின்றது. இளமாணிக் கல்வியை அரச பல்கலைக்கழகங்களில் இலவசமாகப் பெற்றவர்களும் முதுமாணிக்குப் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும். எனவே, பட்டம் பெற்றவுடன் கடன்பட்டு ஓடாது, ஓரிரு ஆண்டுகள் பணியாற்றி, ஆங்கிலத்தையும் செம்மை செய்துகொண்டு சேர்வது புத்திசாலித்தனம். சேருமுன் பட்டத்துக்குரிய அங்கீகாரத்தை விசாரித்தறிவது பெற்றோரின் கடமையாகும்.

முதுமாணி மாணவர் பலர் ஆய்வொன்றும் எழுத வேண்டும். மலையக மாணவர் அதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. இளைஞர் தோட்ட வேலையை விட்டு நகரத்துக்குச் செல்வது ஏன்? கொழுந்தின் அளவை நிர்ணயிக்கும்போது மழையும் செடியின் வயதும் கவனிக்கப்படுகின்றனவா? கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, மேற்பார்வை பெரிதும் ஆண்களிடம் இருப்பது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை நூலகத்தில் மாத்திரமன்று, லயத்து வாசலிலும் உண்டு.

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய விடையும் அங்கேயே இருக்கிறது. அரைப்பேர் எழுதும் கைக்கு, அதனால் அன்று அடுப்பில் என்ன குறைந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் பட்டமும் பெற்று நிர்வாக நாற்காலியில் அமர்வாராயின், பேரேட்டில் உள்ள பெயர்கள் அவருக்கு வெறும் எண்களாகத் தோன்றா. அத்தகையோர் பலர் நம் மலைகளிலிருந்து உருவாக வேண்டும் என்பதே நமது அவா.