தோற்றாலும் நஷ்டமில்லாத ட்ரிப்: மேடிசனில் ஒரு அவே கேம் வீக்கெண்ட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ஃபால் செமஸ்டர் ஆரம்பிச்சாலே எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "நம்ம காலேஜ் டீம் வெளியூர்ல ஆடுது. ரெண்டு நாள் போயிட்டு வரலாமா? எப்படி ப்ளான் பண்றது?" இன்னைக்கு அதை மட்டும்தான் பேசப் போறோம்.

பொதுவா அட்வைஸ் சொன்னா யாருக்கும் உதவாது. அதனால ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கறேன். நான் எம்.எஸ். படிச்சது இண்டியானா மாநிலத்துல, வெஸ்ட் லஃபயெட்ல இருக்கிற பர்டூ பல்கலைக்கழகத்துல. அங்கேருந்து விஸ்கான்சின் மாநிலத்தோட தலைநகரம் மேடிசனுக்கு, விஸ்கான்சின் பேட்ஜர்ஸோட நம்ம டீம் மோதுறதைப் பார்க்கப் போறோம்னு வெச்சுக்குவோம். உங்க காலேஜ் வேறயா இருந்தாலும் கணக்கு இதேதான்.

சென்னையிலோ கோவையிலோ இருந்து கேட்கிறவங்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். காலேஜ் பசங்க ஆட்டம்தானேன்னு சாதாரணமா நினைச்சுடாதீங்க. மேடிசனில் இருக்கும் கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் சுமார் 76,000 பேர் உட்காரலாம். நம்ம சேப்பாக்கம் மாதிரி ரெண்டு மடங்கு. இத்தனைக்கும் அந்த ஊர் மக்கள்தொகை 3 லட்சத்துக்கும் குறைவு. மேட்ச் இருக்கிற சனிக்கிழமை, அது ஒரு ஊர்த் திருவிழா.

இப்போ கசப்பான உண்மை. பர்டூ கடைசியா விஸ்கான்சினை ஜெயிச்சது 2003-ல். அதுக்கப்புறம் 2024 வரை மோதின ஒவ்வொரு தடவையும் தோல்விதான். 2024 அக்டோபரில் மேடிசனில் ஸ்கோர் 52-6. ஆறு நம்மளோடது!

ஜெயிப்போம்ங்கிற ஒரே நம்பிக்கையில ஸ்டைபெண்ட் காசை எடுத்துட்டுக் கிளம்பினா, ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற வழி ரொம்ப நீளமா இருக்கும். அதனால என் ரூல் ஒண்ணே ஒண்ணுதான்: டீம் தோத்தாலும் "நல்லவேளை வந்தோம்"னு தோணுற மாதிரி ட்ரிப் போடணும். மேட்ச் நடுவுல இருக்கட்டும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊர் இருக்கணும்.

தேதி தெரியும், நேரம் தெரியாது

காலேஜ் ஃபுட்பால் ப்ளான்ல பெரிய சிக்கல் இதுதான். சீசன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிவரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில். எந்தச் சனிக்கிழமை, எந்த ஊர் என்பது பல மாதம் முன்பே தெரிந்துவிடும். ஆனால் எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்வதில் டிவி சேனல்களுக்குத்தான் பெரிய பங்கு. சில ஆட்டங்களின் நேரம் கோடையிலேயே வந்துவிடும். மற்றவை பொதுவாக ஆட்டத்துக்கு 12 நாள் முன்னாடி வரும். சில சமயம் 6 நாள் முன்னாடிதான்.

பர்டூ, விஸ்கான்சின் இரண்டும் இருக்கும் பிக் டென் லீகில் மூன்று நேரங்கள் முக்கியம். மேடிசன் கடிகாரப்படி காலை 11, மதியம் 2:30, மாலை 6:30. ஒரு ஆட்டம் முடிய சுமார் மூன்றரை மணி நேரம். காலை ஆட்டம்னா சாயந்திரம் முழுக்க உங்க கையில. ராத்திரி ஆட்டம்னா வெளியே வர 10 மணி ஆயிடும், அன்னைக்கே வண்டி ஓட்டித் திரும்பறதை மறந்துடுங்க.

அதனால நேரம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி ரெண்டுக்கும் இடம் போட்டுடுங்க, கேன்சல் பண்ணக்கூடிய ரேட்லயே போடுங்க. சனிக்கிழமையை மட்டும் காலியா விட்டுட்டு, மூணு நேரத்துக்கும் ஒவ்வொரு திட்டம் கையில வெச்சுக்கோங்க. அந்த மூணையும் கீழே சொல்றேன்.

போறதும் தங்குறதும்

வெஸ்ட் லஃபயெட்டிலிருந்து மேடிசன், சிகாகோ வழியா சுமார் 430 கிலோமீட்டர். டிராஃபிக் இல்லேன்னா காரில் நாலரை மணி நேரம். நாலு பேர் சேர்ந்தா கார்தான் லாபம். ஆனா ரெண்டு விஷயம் பார்த்துக்கோங்க. 25 வயசுக்குக் கீழே இருந்தா வாடகைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் தினசரி எக்ஸ்ட்ரா கட்டணம் போடும். அதனால 25 தாண்டின சீனியர் யாராவது ஓட்டினா நல்லது. ரெண்டாவது, இல்லினாய் டோல் ரோடுகளில் 2020-லிருந்து கையில் காசு வாங்குவதில்லை. வாடகைக் காரில் டோலுக்கு என்ன ஏற்பாடு, தினமும் தனிக் கட்டணம் உண்டான்னு சாவி வாங்கும்போதே கேட்டுடுங்க.

கார் வேண்டாம்னா, வெஸ்ட் லஃபயெட்டிலிருந்து சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துக்கு ஷட்டில், அங்கேருந்து மேடிசனுக்கு நேரடி பஸ். நேரம் கூடும். ஆனா மேடிசன் நடுவுல பார்க்கிங் தேடுற தலைவலி கிடையாது.

இன்னொண்ணு: வெஸ்ட் லஃபயெட் ஈஸ்டர்ன் டைம், மேடிசன் சென்ட்ரல் டைம். போகும்போது ஒரு மணி நேரம் இலவசமா கிடைக்கும். வெள்ளிக்கிழமை 1 மணிக்குக் கிளம்பினா அங்கே நாலரைக்கே போய்ச் சேரலாம். ஞாயித்துக்கிழமை அதே ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கணும். திங்கக்கிழமை காலையில் லேப் மீட்டிங் இருந்தா, ஞாயிறு மதியத்துக்குள்ள கிளம்பிடுங்க.

செலவில் பெரிய பங்கு தங்குற இடத்துக்குத்தான். மேட்ச் வீக்கெண்டில் ஊருக்குள்ளே ரேட் ஏறிடும். பல ஹோட்டல்கள் குறைஞ்சது ரெண்டு ராத்திரி எடுத்தாத்தான் ரூம் கொடுப்பாங்க. பக்கத்திலுள்ள மிடில்டன், சன் ப்ரெய்ரி பாருங்க. இன்னும் மலிவா வேணும்னா, சிகாகோ வழியிலேயே, தெற்கே 60 கிலோமீட்டர் சொச்சத்தில் ஜேன்ஸ்வில் இருக்கு. இது எதையும் பார்க்கிறதுக்கு முன்னாடி, மேடிசன்ல படிக்கிற உங்க காலேஜ் ஜூனியர், பக்கத்து வீட்டு அண்ணன், அத்தை பொண்ணு, யாராவது இருக்காங்களான்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்தை கேளுங்க. ஒரு சோஃபா கிடைச்சா பட்ஜெட் பாதியாயிடும். ஒரு பாட்டில் ஊறுகாயோட போனா மரியாதையும் கிடைக்கும்.

வெள்ளி சாயந்திரம்

மேடிசனோட அமைப்பே அழகு. மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு குறுகிய நிலத்துண்டு. அதன் நடுவில் வெள்ளைக் குவிமாடத்தோடு மாநில சட்டமன்றம், கேப்பிட்டல். அங்கிருந்து ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் நேராக நடந்தால் பல்கலைக்கழகம். கட்டடமும் கேம்ப் ராண்டல் ஸ்டேடியமும் ஒரே வயசு. கேப்பிட்டல் கட்டி முடிந்தது 1917-ல், ஸ்டேடியம் திறந்ததும் 1917-ல்.

போனதும் மெமோரியல் யூனியன் டெரஸுக்குப் போங்க. மெண்டோட்டா ஏரிக்கரையில் கலர் கலரா இரும்பு நாற்காலிகள், ஏரி மேலே சூரியன் மறையும். பல்கலைக்கழகத்தோட சொந்தப் பால்பண்ணையான பாப்காக் ஐஸ்க்ரீமும் அங்கேயே கிடைக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஃபிஷ் ஃப்ரை. விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமைன்னா மீன். வெள்ளியன்று இறைச்சி சாப்பிடாத கத்தோலிக்கக் குடியேறிகளிடமிருந்து வந்த பழக்கம், இன்னைக்கு எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு. மாவில் முக்கிப் பொரிச்ச மீன், கூட உருளைக்கிழங்கு, கோல்ஸ்லா. காரம் எதிர்பார்க்காதீங்க.

சனி: மூணு திட்டம்

எந்த நேர ஆட்டமா இருந்தாலும் காலையில் ஒரு இடம் கட்டாயம். ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை, சனிக்கிழமை காலையில் கேப்பிட்டலைச் சுற்றி டேன் கவுன்ட்டி விவசாயிகள் சந்தை நடக்கும். விளைவிச்சவங்கதான் விற்கணும்ங்கிறது விதி. அதாவது நம்ம உழவர் சந்தைதான்! நம்மளோடது 1999-ல் மதுரையில் தொடங்கியது, இவங்களோடது 1972-ல். கூட்டம் கேப்பிட்டலை இடப்பக்கமா, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுத்தும். கோயில் பிரகாரத்தில் சுத்திப் பழகின நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். பரவாயில்லை, கூட்டத்தோட போங்க. சீஸ் கர்ட்ஸ் வாங்குங்க. பேர்ல கர்ட் இருக்குன்னு தயிர் சாதம் எதிர்பார்க்காதீங்க, அது சீஸ் துண்டு. அன்னைக்குச் செஞ்சதா இருந்தா பல்லில் பட்டதும் கீச்சுன்னு சத்தம் போடும். சைவக்காரங்களுக்குக் காரமான சீஸ் பிரெட்டும் இருக்கு.

ஆட்டம் 11 மணிக்குன்னா: 7 மணிக்குச் சந்தை, 9 மணிக்கு ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலுள்ள யூனியன் சவுத். அங்கே ஆட்டத்துக்கு முன்னாடி பேட்ஜர் பாஷ் நடக்கும், பேண்ட் வாசிப்பாங்க, டிக்கெட் கிடையாது. மூணு மணிக்கு வெளியே வந்து ஸ்டேட் ஸ்ட்ரீட்.

2:30-க்குன்னா: சந்தையை நிதானமா சுத்திட்டு, ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியா நடந்தே ஸ்டேடியத்துக்குப் போங்க. மூணு கிலோமீட்டருக்குள்ளதான். வழியெல்லாம் வீட்டு முன்வாசலைப் பார்க்கிங்கா வாடகைக்கு விட்டிருப்பாங்க.

6:30-க்குன்னா: பகல் முழுக்க உங்களோடது. சேஸன் கலை அருங்காட்சியகம் இலவசம். ஆல்ப்ரிச் தாவரவியல் பூங்காவில் ஒரு தாய்லாந்து மண்டபம் இருக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தாய்லாந்து முன்னாள் மாணவர்கள் மூலமா வந்த பரிசு. நம்ம மாதிரி கடல் தாண்டிப் படிக்க வந்தவங்க விட்டுப்போன அடையாளம். எனக்கு அந்த ஊரிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

டிக்கெட், பை, சட்டை

டிக்கெட்டுக்கு முதலில் உங்க காலேஜ் டிக்கெட் ஆபீஸைக் கேளுங்க. எதிரணி ரசிகர்களுக்குன்னு ஒரு பகுதி ஒதுக்கியிருப்பாங்க, நம்ம ஆளுங்களோட உட்காரலாம். ரீசேல் ஆப்களில் பெரும்பாலும், பெரிய எதிர்பார்ப்பு இல்லாத ஆட்டத்துக்கு நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும். நம்ம டீம் நிலைமையில இது ஒண்ணுதான் நமக்கு லாபம். விலை பார்க்கும்போது கட்டணமெல்லாம் சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்க.

தோள்பையோட நேரா வாசலுக்குப் போகாதீங்க. காலேஜ் ஸ்டேடியங்களில் பை விதி கறார். ஆட்டத்துக்கு முந்தின வாரம் அந்த ஸ்டேடியத்தோட பக்கத்தில் விதியைப் படிச்சிடுங்க. ஃபோன்லதான் டிக்கெட், அதனால சார்ஜ் முக்கியம். செப்டம்பர்னா தொப்பி, நவம்பர்னா உறைபனி குளிர், அலுமினிய பெஞ்சு. உள்ளே ஒரு தெர்மல், மேலே ரெண்டு அடுக்கு.

கறுப்பும் தங்கமும் நம்ம கலர், தாராளமா போடுங்க. செவப்புச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவுல கிண்டல் வரும், சிரிச்சுட்டுப் பதில் சொல்லுங்க. குடிச்சுட்டு வம்புக்கு வர்றவங்ககிட்ட நின்னு பேச வேண்டாம், நடந்துக்கிட்டே இருங்க.

மூணாவது குவார்ட்டர்ல கிளம்பாதீங்க

முப்பது பாயிண்ட் பின்தங்கிட்டா எதிரணி ரசிகர்கள் மெதுவா எழுந்து போவாங்க. நீங்க போகாதீங்க. மூணாவது குவார்ட்டர் முடிஞ்சு நாலாவது தொடங்குற இடைவெளியில், ஹவுஸ் ஆஃப் பெயின் குழுவோட 'ஜம்ப் அரவுண்ட்' பாட்டு போடுவாங்க. மொத்த ஸ்டேடியமும் குதிக்கும். நீங்க உட்கார்ந்திருந்தாலும் உங்க பெஞ்சு குதிக்கும். 2003-ல் பாதுகாப்பு பயத்தில் பல்கலைக்கழகம் இதை நிறுத்திப் பார்த்தது. மாணவர்கள் விடலை, பாட்டு திரும்ப வந்துடுச்சு.

இந்த வழக்கம் ஆரம்பிச்சது 1998 அக்டோபர் 10. அன்னைக்கு எதிரணி யார் தெரியுமா? பர்டூதான்! நம்ம குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ், பின்னாளில் சூப்பர் பவுல் ஜெயிச்ச அதே ப்ரீஸ், அன்னைக்கு 83 தடவை பந்தை எறிஞ்சார், 55 பாஸ் போய்ச் சேர்ந்தது. அப்படியும் 31-24 தோல்வி. அவங்க கொண்டாட்டத்தோட முதல் நாள்லயே நாமளும் இருந்திருக்கோம். தோத்த பக்கமா இருந்தாலும் அந்தக் கதையில நமக்கும் பங்கு உண்டு. அதனால எழுந்து குதிங்க, யாரும் கேட்க மாட்டாங்க.

ஆட்டம் முடிஞ்சதும் அவசரப்படாதீங்க. அவங்க பேண்ட் மைதானத்திலேயே நின்னு வாசிக்கும், அதுக்குப் பேரு ஃபிஃப்த் குவார்ட்டர். அதைப் பார்த்துட்டு வந்தா கூட்டமும் குறைஞ்சிருக்கும், ஊபர் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஞாயிறு காலையில் மெண்டோட்டா ஏரிக்கரையில் பிக்னிக் பாயிண்ட் வரைக்கும் ஒரு நடை, ஒரு காபி, கிளம்பிடலாம்.

ஆக, சுருக்கமா: ரெண்டு ராத்திரி, கேன்சல் பண்ணக்கூடிய ரூம். சனிக்கிழமைக்கு மூணு திட்டம். டிக்கெட் உங்க காலேஜ் வழியா. பை வேண்டாம். கடைசிவரை உட்காருங்க. ஸ்கோர் நம்ம கையில இல்லை, மத்த நாற்பது மணி நேரமும் நம்ம கையில இருக்கு.

உங்க டீம் இந்த வருஷம் எந்த ஊருக்குப் போகுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். பாய்லர் அப்!