ஊமை மணிக்கு ஒரு காவல்

வருஷக்கணக்கில் ஒலிக்காமலே சுவரில் தொங்கி, நெருப்புப் பிடித்த அந்த ஒரு சமயத்தில் மட்டும் தவறாமல் முழங்க வேண்டிய தீயறிவிப்பு மணியிடத்தில் உள்ள சங்கடம் என்னவெனில், நல்ல மணியும் கம்பி அறுந்த மணியும் மற்ற நாட்களில் ஒன்றுபோலவே மௌனம் சாதிக்கும் என்பதுதான். தினந்தோறும் அடித்துச் சோதிக்கலாமென்றால், ஜனங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிடுவார்கள்.

இதற்குப் பொறியியலார் கண்ட உபாயம், மின்சாரத்தின் திசையையே ஒரு சங்கேதமாக்கிக்கொள்வது. பெரும்பாலும் 24 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இயங்கும் இம்மணிகள் ஒவ்வொன்றிலும், சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாததைப்போல, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் அனுமதிக்கும் டயோடு ஒன்று உண்டு; இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே இணைக்கப்பட்ட மணிகளுள் கடைசி மணியையும் தாண்டி, அக்கம்பிகளின் முடிவில் சில ஆயிரம் ஓம் கொண்ட மின்தடை ஒன்று இருக்கும். சாதாரண காலத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் தலைகீழ்த் திசையில் செலுத்த, டயோடுகள் மறித்துவிடுவதால் மணிகள் வாளாவிருக்க, அந்தக் கடைசித் தடையின் வழியே மட்டும் அற்பமான பிரவாகம் (4,700 ஓம் தடையானால் சுமார் 5 மில்லி ஆம்பியர்) ஓயாமல் சென்று திரும்புகிறது. அது நின்றால் கம்பி எங்கோ அறுந்தது. மிகுந்தால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டன. எதுவாயினும் பெட்டி பழுதென்று அறிவிக்கும். தீயென்று தெரிந்ததும் பெட்டி நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிவிட, டயோடுகள் வழிவிட்டு மணிகள் யாவும் ஏககாலத்தில் முழங்கும். முனை மாற்றி மாட்டிய மணிகூட, தலைகீழ் மின்சாரத்துக்கு வழிவிட்டுச் சாதாரண காலத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை சாமர்த்தியமும் கம்பி இழுப்பவரின் நேர்மையைப் பொறுத்தது. சௌகரியத்தை உத்தேசித்துக் கடைசித் தடையைப் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட்டால், பெட்டி தன்னைத்தானே கண்காணித்துத் திருப்தியடையுமேயன்றி வெளியே கம்பி இருக்கிறதா என்பதைக்கூட அறியாது. நடுவழியில் கிளை பிரித்து ஒரு மணியைத் தொங்கவிட்டாலும், அக்கிளை அறுவது பெட்டிக்குத் தெரியாது. இவற்றினும் சூட்சுமமான பிழை ஒன்றுண்டு. கம்பியை வெட்டாமல், உறையை மட்டும் சீவி, மணியின் திருகாணியில் வளைத்து மாட்டிவிடுவது பார்வைக்குக் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் திருகாணி தளர்ந்து மணி கழன்றபின்னும் கம்பி முழுமையாகவே இருப்பதால், பிரவாகம் தடைபடாது. ஆகவே கம்பியை அவ்விடத்தில் வெட்டி, வரும் முனைக்கு ஓர் இணைப்பும் போகும் முனைக்கு ஓர் இணைப்புமாகத் தனித்தனியே முடுக்க வேண்டும். அப்போது எந்த முனை கழன்றாலும் பெட்டிக்குச் செய்தி போய்விடும்.